சிறுபான்மை உரிமை யாருக்காக?

ஆண்டுதோறும் ஆகஸ்டு 10-ஆம் நாளைக் கறுப்பு நாளாகக் கடைப்பிடித்து வருகிறோம். ஆலய முற்றத்தில் கறுப்புக் கொடி ஏறுகிறது; மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் முன் முழக்கம் எழுகிறது; மறுநாள் நாளேட்டில் ஒரு மூலையில் செய்தி வருகிறது. 1950-ஆம் ஆண்டு அதே நாளில் குடியரசுத் தலைவர் பிறப்பித்த ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து சமயத்தைச் சாராத எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்படார் என்று விதித்தது. 1956-இல் சீக்கியருக்காகவும் 1990-இல் பௌத்தருக்காகவும் அப்பத்தி திருத்தப்பட்டது. கிறித்தவருக்கும் இசுலாமியருக்கும் கதவு திறக்கவில்லை. 2007-இல் நீதிபதி ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அந்தப் பத்தியையே நீக்கிவிடுமாறு பரிந்துரைத்தது. 2022 அக்டோபரில் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மற்றோர் ஆணையம் அமைந்தது. அதன் காலக்கெடுவும் நீட்டிக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டப்பேரவை தீர்மானம் நிறைவேற்றி நடுவண் அரசை வலியுறுத்தியது.

இக்கோரிக்கை நீதியானது. அதில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. ஆயினும் இக்கட்டுரையில் நான் வழக்காடப்போவது அரசோடு அன்று. அரசிடம் நாம் எதைக் கேட்கிறோமோ அதை நம் கையிலேயே உள்ள கல்லூரி இடங்களில் நாம் செய்கிறோமா? செய்வதில்லை என்றே சொல்வேன். அங்கொன்றும் இங்கொன்றுமாக நல்ல முயற்சிகள் உண்டு. அவற்றை நான் மறைக்கவில்லை. ஆனால் முயற்சிகள் என்பது வேறு, நியதி என்பது வேறு.

முதலில் இந்த அநீதி எப்படி இயங்குகிறது என்று பார்ப்போம். ஒரே தெருவில் இரு சிறுமிகள். தந்தையர் இருவரும் ஒரே வயலில் கூலிகள். பாட்டிமார் உடன்பிறந்தவர்கள். ஒரு பாட்டி திருமுழுக்குப் பெற்றார், மற்றவர் பெறவில்லை, வேற்றுமை அவ்வளவே. பன்னிரண்டாம் வகுப்புத் தேறி இருவரும் அரசுக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கிறார்கள். ஒருத்தி பட்டியல் சாதியினருக்கான 18 விழுக்காட்டில் நிற்கிறாள். மற்றவள் கிறித்தவளாக மாறிய ஆதிதிராவிடர் என்பதால் பிற்படுத்தப்பட்ட வகுப்பாகிறாள். அவ்வகுப்புக்குரிய 30 விழுக்காட்டில் இசுலாமியருக்கான 3.5 போக எஞ்சும் 26.5 விழுக்காட்டில், நிலமும் கடையும் இரண்டு மூன்று தலைமுறைக் கல்வியும் உடைய பல சமூகங்களோடு அவள் போட்டியிட வேண்டும். தமிழக அரசு அவளுக்கு ஆதிதிராவிடர் நலத் துறையின் கல்வி உதவித்தொகையைத் தருகிறது. அதற்கு நன்றி சொல்வோம். ஆனால் உதவித்தொகை என்பது இடம் கிடைத்த பிறகு வருவது. இடம் கிடைக்காதவளுக்கு அதனால் என்ன பயன்?

இதன் விளைவை எந்தப் பங்குத் தந்தையைக் கேட்டாலும் சொல்வார். திருமுழுக்குப் பதிவேட்டில் ஒரு பெயர். பள்ளிச் சான்றிதழில் வேறொரு பெயர். ஞாயிறு திருப்பலியில் வாசகம் வாசிக்கும் பெண், வட்டாட்சியர் அலுவலகத்துக் காகிதத்தில் இந்து. 2024 நவம்பரில் புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண்ணின் வழக்கில் உச்சநீதிமன்றம், திருமுழுக்குப் பெற்றுக் கோயிலுக்கும் சென்றுகொண்டே பட்டியல் சாதிச் சான்று கேட்பது அரசியலமைப்பின் மீதான மோசடி என்று கடிந்தது. சட்டத்தின் பார்வையில் அப்படி இருக்கலாம். தன் விசுவாசத்தை வெளியே சொன்னால் மகளின் படிப்பு போகும் என்று ஒரு தாய் அஞ்சும் நிலையை யார் உண்டாக்கினார் என்று கேளாமல், அந்தத் தாயைப் பொய்யுரைத்தவள் என்று பீடத்திலிருந்து கண்டிக்க எனக்கு நா எழவில்லை. முதல் நூற்றாண்டுகளில் மறைவில் வாழ்ந்த விசுவாசிகளை நாம் மறைசாட்சிகளின் வழித்தோன்றல்கள் என்று போற்றுகிறோம் அல்லவா?

இனி, எதிர்வாதம் ஒன்றைக் கேட்போம். "தமிழ்நாட்டில் உயர்கல்வியில் இடைவெளி எங்கே சாமி இருக்கிறது?" என்கிறார் நம் படித்த பொதுநிலையினர் பலர். உண்மைதான். 2021-22-ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, கல்லூரி வயதினரில் உயர்கல்வியில் சேர்ந்தோர் நாடு முழுவதும் 28.4 விழுக்காடு, தமிழகத்தில் 47. பெண்கள் ஆண்களுக்குப் பின்தங்கிவிடவில்லை. இப்பெருமையில் நம் அருள்சகோதரிகளுக்குப் பங்குண்டு. 1923-இல் திருச்சியில் சிலுவைக் கல்லூரி, 1947-இல் சென்னையில் ஸ்டெல்லா மாரிஸ், 1948-இல் தூத்துக்குடியில் மரியன்னை கல்லூரி, 1953-இல் மதுரையில் பாத்திமா கல்லூரி என்று, பெண்ணுக்கு எதற்குப் படிப்பு என்று ஊரே கேட்ட காலத்தில் அவர்கள் வாசல் திறந்தார்கள்.

ஆனால் சராசரி என்பது ஒரு போர்வை. அதை விலக்கிப் பார்க்க வேண்டும். எந்தப் பாடத்தில் சேர்ந்தாள்? எந்தக் கட்டணத்தில் சேர்ந்தாள்? மூன்றாம் ஆண்டுத் தேர்வு எழுதினாளா, இடையில் நின்றாளா? முடித்த பின் எங்கே போனாள்? இன்று நம் கல்லூரிகள் பலவற்றிலும் ஒரே வளாகத்துக்குள் இரண்டு கல்லூரிகள் நடக்கின்றன. ஒன்று அரசு உதவி பெறுவது; குறைந்த கட்டணம்; தமிழும் வரலாறும் பொருளியலும் அங்கே. மற்றொன்று சுயநிதிப் பிரிவு, கணினியும், கணினிப் பயன்பாட்டோடு கூடிய வணிகவியலும், வேலைவாய்ப்பு உள்ள புதிய பாடங்களும் பெரும்பாலும் அங்கே, கட்டணமோ பன்மடங்கு. சேரியிலிருந்து வந்த பெண் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள் என்று நாம் மகிழ்கிறோம். வளாகத்தின் எந்தப் பாதியில் சேர்ந்தாள் என்று கேட்பதில்லை.

தலித் கத்தோலிக்கப் பெண்ணின் நிலையைச் சாதி இடைவெளி ஒன்று, பால் இடைவெளி ஒன்று என்று தனித்தனியே அளந்து அறிய முடியாது. இரண்டும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு கயிறாகிவிடுகின்றன. தொழிற்கல்விக் கலந்தாய்வில் முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை உண்டு, நல்ல திட்டம். ஆனால் ஒரு குடும்பத்தில் ஒருவருக்கே அது. அண்ணன் அதைப் பெற்றுப் பொறியியலுக்குப் போனபின் தங்கைக்கு அது இல்லை. அவள் அண்ணனைவிடக் கூடுதல் மதிப்பெண் பெற்றிருந்தாலும் பக்கத்து ஊர்க் கல்லூரியில் கிடைத்த பாடத்தைப் படிப்பாள். அல்லது திருப்பூருக்கோ கோவைக்கோ ஆலை வேலைக்குப் போய் அண்ணனின் விடுதிக் கட்டணத்தை அனுப்புவாள். 2022 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய புதுமைப் பெண் திட்டம் அரசுப் பள்ளியில் பயின்று கல்லூரி சேர்ந்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாயை அவர்கள் கணக்கிலேயே செலுத்தியது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழி பயின்றோருக்கும் அது 2024-இல் விரிந்தபோதுதான் நம் பங்குப் பள்ளிகளின் பிள்ளைகள் அதில் இடம்பெற்றார்கள். பணம் பெண்ணின் கணக்கில் விழுகிறது என்பதே அத்திட்டத்தின் உயிர்.

யாக்கோபின் கிணற்றருகே ஆண்டவர் சந்தித்த பெண்ணும் இவ்வாறே இருமுறை விலக்கப்பட்டவள். யூதர் சமாரியரோடு பழகுவதில்லை என்று நற்செய்தியே எடுத்துச் சொல்கிறது. சீடர்களின் வியப்போ வேறு: அவர் ஒரு பெண்ணோடு பேசுகிறாரே என்பது. இனத்தாலும் பாலாலும் ஒதுக்கப்பட்ட அவளிடம் ஆண்டவர் பேசியது என்ன? வழிபாட்டைப் பற்றிய இறையியல்! தாமே மெசியா என்று யோவான் நற்செய்தியில் அவர் முதன்முதலாக வெளிப்படையாகக் கூறியது அவளிடந்தான். கற்பிக்கத் தகுந்தவளா என்று சோதித்துப் பார்த்துவிட்டு அவர் கற்பிக்கத் தொடங்கவில்லை.

இப்போது நம் கல்லூரிகளுக்கு வருவோம். அரசு உதவி பெறும் கத்தோலிக்கக் கல்லூரியில் பேராசிரியரின் ஊதியம் மக்களின் வரிப்பணத்திலிருந்து வருகிறது. ஆகவே, சட்டத்தில் நிர்வாகம் நம்முடையதாயினும், அது பொதுக் கல்வியின் ஒரு பகுதியே. அரசியலமைப்பின் 30-ஆம் உறுப்பு, சிறுபான்மையினர் தம் விருப்பப்படி கல்வி நிலையங்களை நிறுவவும் நடத்தவும் உரிமை தந்தது. 1991-இல் ஸ்டீபன் கல்லூரி வழக்கில் உச்சநீதிமன்றம், உதவி பெறும் சிறுபான்மைக் கல்லூரி தன் சமூகத்துக்கு 50 விழுக்காடு வரை இடங்களை ஒதுக்கிக்கொள்ளலாம் என்றது. 2002-இல் பதினொரு நீதிபதிகளின் அமர்வு அந்த அளவை மாநிலத்தின் தேவைக்கேற்ப வகுக்க இடமளித்தது. 2005-இன் 93-ஆம் திருத்தத்தால் சேர்ந்த 15(5) என்னும் பிரிவு, ஏனைய தனியார் கல்லூரிகளில் அரசு இடஒதுக்கீடு செய்ய வழிவகுத்தபோது சிறுபான்மை நிலையங்களுக்கு விலக்களித்தது.

இதன் பொருள் என்ன? நம் வளாகத்தில், கத்தோலிக்கருக்கென உள்ள இடங்களில் யாரைச் சேர்ப்பது, அரசு ஊதியம் தரும் ஆசிரியர் பணியிடத்தில் யாரை அமர்த்துவது என்பதை நாமே தீர்மானிக்கிறோம். அங்கே 1950-ஆம் ஆண்டின் ஆணை நம் கையைக் கட்டவில்லை. எந்த ஆணையத்தின் அறிக்கைக்காகவும் நாம் காத்திருக்க வேண்டியதில்லை. தலித் கத்தோலிக்க மாணவிக்கு இத்தனை இடம் என்று ஆட்சிக்குழு ஒரு மாலைக் கூட்டத்தில் முடிவு செய்தால், மறுநாள் காலை அது நடைமுறை. ஆகஸ்டு 10 அன்று வீதியில் நின்று அரசிடம் கேட்கும் நீதியை ஜூன் மாதத்தில் நம் அலுவலக அறையில் நாமே வழங்கிவிடலாம். வழங்குகிறோமா?

நமக்கு நெறி இல்லாமலில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏடு, இனம், பால், நிறம், சமூக நிலை ஆகியவற்றின்பேரில் செய்யப்படும் வேறுபாடு இறைத் திட்டத்துக்கு முரணானது என்று கற்பிக்கிறது. 1965-இல் வெளியான கிறித்தவக் கல்வி பற்றிய அறிக்கை, திறமையிருந்தும் பொருளில்லாத மாணவர்க்குக் கத்தோலிக்க உயர்கல்வி எளிதில் கிட்ட வேண்டும் என்கிறது. 1990-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களுக்காக வெளியிட்ட மடல் இன்னும் ஒருபடி மேலே போய், வழக்கமாகக் கல்வி மறுக்கப்பட்டு வந்த குழுவினரைக் குறித்தே தனியாகப் பேசுகிறது. அதே திருத்தந்தை 2003 நவம்பரில் தமிழகத்து ஆயர்களிடம் சாதிப் பிரிவினையை வெளிப்படையாகக் கண்டித்தார். 1982-இல் திருச்சியில் கூடிய இந்திய ஆயர் பேரவை சாதிக்குக் கிறித்தவத்தில் இடமில்லை என்றது. 2016-இல் தலித் மேம்பாட்டுக்கென ஒரு கொள்கை ஏட்டையே வெளியிட்டது. ஏடுகளுக்குப் பஞ்சமில்லை. சேர்க்கைப் பதிவேட்டில்தான் அந்த ஏடுகளின் வாசனை தெரிய வேண்டும்.

"தகுதி என்னாவது?" என்பார் சிலர். இக்கேள்வி இந்த மண்ணில் பழையது. வகுப்புவாரி ஆணையால் தமக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் மறுக்கப்படுகிறது என்று செண்பகம் துரைராசன் தொடுத்த வழக்கு 1951-இல் உச்சநீதிமன்றத்தில் வென்றது. அவர் அக்கல்லூரிக்கு விண்ணப்பிக்கவே இல்லை என்பது வழக்கினூடே வெளியான செய்தி. அந்தத் தீர்ப்பின் விளைவாக எழுந்த கிளர்ச்சியால்தான் அரசியலமைப்பின் முதல் திருத்தமே வந்தது. தகுதியின் பெயரால் பேசுகிறவர் எல்லாரும் தகுதிக்காகப் பேசுவதில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தெரியவில்லை. அண்மைச் சான்று ஒன்றும் சொல்வேன். இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களில் 2016-இல் மாணவியர் ஏறத்தாழ 8 விழுக்காடே. 2018 முதல் அவர்களுக்கெனக் கூடுதல் இடங்கள் உருவாக்கப்பட்டன. இரண்டே ஆண்டுகளில் மாணவியர் ஏறத்தாழ 20 விழுக்காடு ஆனார்கள். அதே நுழைவுத் தேர்வை எழுதித் தேறியவர்களே அவர்கள். அந்தப் பெண்கள் அதற்குமுன் அறிவில்லாமல் இருந்தார்களா? இடம் உண்டு என்றதும் வந்தார்கள்.

மற்றொரு சாரார் வேறு விதமாகச் சொல்கிறார்கள்: "கோயிலுக்குள் சாதியைப் பேசாதீர்கள், நாமெல்லாம் கிறித்துவில் ஒன்று." புனித பவுல் கலாத்தியருக்கு எழுதிய அந்தச் சொற்களை இவர்கள் வாயில் கேட்கும்போதெல்லாம் எனக்கு வேதனையே மிஞ்சுகிறது. வடக்கன்குளம் கோயிலில் மக்களைச் சாதியால் பிரித்து நின்ற சுவர் நூறாண்டுகளுக்கு முன் இடிக்கப்பட்டபோது, அதை எதிர்த்து நீதிமன்றம் ஏறியவர்களும் கிறித்துவில் ஒன்றானவர்களே. பெண் பார்க்கும்போது நாம் சாதி கேட்கிறோம். சப்பரம் தூக்கும்போது கேட்கிறோம். சில ஊர்களில் கல்லறைக் குழி வெட்டும்போதும் கேட்கிறோம். கல்லூரியில் இடம் பங்கிடும்போது மட்டும் சாதி பேசுவது பாவமாகிவிடுகிறதோ?

நம் கண்முன்னே நடந்த இரண்டைச் சொல்கிறேன். 2007-இல் தமிழக அரசு பிற்படுத்தப்பட்ட கிறித்தவருக்கெனத் தனியே 3.5 விழுக்காடு ஒதுக்கியது. மறு ஆண்டே, இதனால் கிடைப்பது குறைகிறது என்று கண்டு கிறித்தவத் தலைவர்களே கேட்டுக்கொண்டதன்பேரில் அது விலக்கப்பட்டது. கணக்குப் பார்க்க நமக்குத் தெரியும் என்பதற்கு அது சான்று. 2009-இல் பட்டியல் சாதியினருக்கான 18 விழுக்காட்டுக்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தது. எளியவர்களுக்குள்ளும் மிக எளியவர் பின்னுக்குத் தள்ளப்படுகிறார் என்று அரசு உணர்ந்தது. இத்தகைய உள்ஒதுக்கீடு செல்லும் என்று 2024 ஆகஸ்டில் உச்சநீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வும் உறுதி செய்தது. அரசு உணர்ந்ததைத் திருச்சபை உணரலாகாதா? கத்தோலிக்கருக்கான இடங்களுக்குள் தலித் கத்தோலிக்கருக்கு ஓர் உள்ஒதுக்கீடு, அதற்குள் சரிபாதி பெண்களுக்கு, அதுவும் சுயநிதிப் பிரிவு உட்பட எல்லாப் பாடங்களிலும் என்று மறைமாவட்டங்களும் துறவற சபைகளும் எழுத்தில் அறிவிக்கட்டும்.

எழுத்தில் என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன்? மே மாதம் பிறந்தால் பங்கு இல்லத்து வாசலில் சிபாரிசுக் கடிதத்துக்குக் கூட்டம் கூடும். அதில் முதலில் வந்து நிற்பவர், பங்குத் தந்தையை நன்கு அறிந்தவர். கோயில் கட்ட நன்கொடை தந்தவர். மடத்தில் சகோதரியோ குருமடத்தில் சித்தப்பாவோ உள்ளவர். குருக்களும் துறவியரும் மிகுதியாக எந்தச் சமூகங்களிலிருந்து வந்தார்களோ, அந்தச் சமூகங்களின் பிள்ளைகளுக்கே கல்லூரி அலுவலகத்தின் உள்கதவு திறக்கிறது. இதில் யாருக்கும் தீய எண்ணம் இருக்க வேண்டியதில்லை. உறவும் பழக்கமும் போதும். கிளைப்பங்கிலிருந்து பேருந்தேறி வந்து, யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் திண்ணையில் அமர்ந்திருக்கும் தாய்க்கும் மகளுக்கும் அந்தக் கதவு இருப்பதே தெரியாது. கடிதத்தின் இடத்தில் விதி வரவேண்டும். விதி இருந்தால் அவள் சிபாரிசு கேட்டு வரவேண்டியதில்லை. உரிமை கேட்டு வருவாள். மோசேயின் முன் வந்து நின்ற செலொபுகாதின் ஐந்து புதல்வியர் தந்தையின் நிலத்தில் பங்கு கேட்டார்கள். ஆண்டவர் அந்தப் பெண்களுக்கு இரக்கம் காட்டி ஒரு துண்டு நிலம் கொடுத்தனுப்பவில்லை. அவர்கள் கேட்டது முறையே என்று கூறி, இஸ்ரயேல் முழுமைக்கும் அதைச் சட்டமாக்கினார்.

சேர்ப்பதோடு கடமை முடிந்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். தமிழ்வழியில் படித்து வந்தவள் ஆங்கிலப் பாடநூலின் முன் முதல் பருவத்திலேயே மனமுடைகிறாள். விடுதியில் இடமில்லாமல் நாளும் மூன்று பேருந்து மாறி வருகிறவள் இரண்டாம் ஆண்டில் நின்றுவிடுகிறாள். வகுப்பில் நின்று பாடம் சொல்பவர்களில் தன்னைப் போன்ற ஒருத்தியையும் அவள் காண்பதில்லை. இவற்றுக்கெல்லாம் மருந்து யாருக்கும் தெரியாததன்று: முதலாண்டில் மொழிப் பயிற்சி, விடுதியில் முன்னுரிமை, ஆசிரியர் நியமனத்தில் அதே உள்ஒதுக்கீடு. பணம் எங்கே என்று கேட்பவர்கள், கடந்த பத்தாண்டில் தங்கள் மறைமாவட்டத்தில் எத்தனை கொடிமரங்களும் எத்தனை தோரண வாயில்களும் எழுந்தன என்று எண்ணிப் பார்க்கட்டும்.

பொதுநிலையினரே, இதில் உங்கள் வேலையும் உண்டு. நம் கல்லூரி ஒவ்வொன்றும் ஆண்டுதோறும் ஒரு தாள் வெளியிட வேண்டும் என்று கேளுங்கள். கத்தோலிக்க மாணவர் எத்தனை, அவர்களில் தலித்துகள் எத்தனை, பெண்கள் எத்தனை, எந்தெந்தப் பாடத்தில், மூன்றாண்டுக்கு முன் சேர்ந்தவர்களில் முடித்தவர் எத்தனை, உதவி பெறும் ஆசிரியர் பணியிடங்களில் தலித் கத்தோலிக்கர் எத்தனை. ஒரு பக்கத்துக்கு மேல் வராது. அப்படியொரு தாள் எந்தப் பங்குப் பேரவையிலும் வாசிக்கப்பட்டு இதுவரை நான் கேட்டதில்லை. வெளியிட்டால் பகைவர் கையில் ஆயுதமாகும் என்று சிலர் அஞ்சுவது எனக்குத் தெரியும். எண்கள் நன்றாக இருந்தால் ஆயுதம் எப்படி ஆகும்? நன்றாக இல்லையென்றால், பகைவருக்கு முன்பே நம் மக்கள் அதை அறிந்திருக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பெண்தான் வெளியே நிற்கிறாள்.

ஜூலையில் சேர்க்கை முடிந்ததும் பங்குப் பேரவையின் பெயரால் கல்லூரி முதல்வருக்கு ஒரு மடல் எழுதுங்கள். மரியாதையாக எழுதுங்கள்; பெரும்பாலான முதல்வர்கள் நல்லவர்கள், கேட்பாரில்லாததால்தான் சொல்லாமல் இருக்கிறார்கள். இருமுறை எழுதியும் மறுமொழி வராவிடில், 2005-ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அரசு நிதியால் கணிசமாக நடத்தப்படும் கல்லூரிகளும் அதற்கு உட்பட்டவையே என்று 2019-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய்.